செய்தி இல்லாத நாட்களுக்கான காசு

2022 நவம்பரில் மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, அதைப் பற்றி எழுத நான் அங்கே போயிருந்தேன். ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 இயற்கைச் சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள் என்று அறிவிப்பில் இருந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டேன். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு என்ற மூன்று பெயர்களைச் சேர்த்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இரண்டு வாக்கியம் வாங்கிக்கொண்டு மாலை ஐந்து மணிக்குள் அனுப்பிவிட்டேன். மறுநாள் கால் பக்கத்தில் வந்தது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வெளியானது. ஏலம் விடப்பட்ட 2,015 ஹெக்டேர் சொச்சத்துக்குள், பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட 193 ஹெக்டேரும் வந்துவிட்டது. அன்றிரவு மேலூரில் பகுதிநேர நிருபராக இருக்கும் தம்பி ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணே, அரிட்டாபட்டிய அறிவிச்சப்ப நீங்க வந்தீங்கள்ல, அதுக்கப்புறம் அங்க என்னென்ன நடந்துச்சுன்னு ஏதாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா? பழைய போட்டோ, பறவைக் கணக்கு, எதுனாலும் பரவால்ல" என்றார். என்னிடம் ஒன்றும் இல்லை. அடுத்த இரண்டரை மாதங்களுக்கு மேலூரில் செய்திக்குப் பஞ்சமே இருக்கவில்லை. டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம், ஜனவரி 7 அன்று மேலூரிலிருந்து மதுரைக்கு உழவர்களின் பேரணி, ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்துசெய்வதாக ஒன்றிய அரசின் அறிவிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டெல்லியிலிருந்துகூடக் கேமராக்கள் வந்தன. ரத்தான மறுவாரம் அந்தக் கேமராக்கள் கிளம்பிப் போயின. நானும் கிளம்பி வந்துவிட்டேன்.

இடைப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகளில் நான் ஏன் போகவில்லை என்பதற்கான காரணம் மிகச் சாதாரணமானது. கால் பக்கச் செய்திக்கு எனக்குக் கிடைத்த தொகையில் பஸ், பெட்ரோல், மதியச் சாப்பாடு ஆகியவற்றைக் கழித்தால் நூறு ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாக மிஞ்சியது. ஒன்றும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே போய்ப் பாறையடியில் உட்கார்ந்து வல்லூறு வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினால், அந்த நாளுக்கு எவரும் பணம் தரப்போவதில்லை. பத்திரிகைகள் செய்தி இருக்கும் நாளுக்குத்தான் கூலி கொடுக்கின்றன. உயிரினங்களின் வாழ்விலோ முக்கியமான மாற்றங்கள் எல்லாம் செய்தி இல்லாத நாட்களில்தான் நிகழ்கின்றன: ஒரு கூடு கைவிடப்படுகிறது, ஒரு சுனை தை மாதமே வற்றுகிறது, ஒரு மீன் வகை ஏலக்கூடையில் வராமல் போகிறது. இந்தச் செவ்வாய்க்கிழமைகளுக்கான காசு எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கியதன் கதைதான் இந்தக் கட்டுரை.

அந்தக் காசுக்கு நல்கை என்று பெயர். பல்கலைக்கழகங்களில் ஆய்வு நல்கை என்ற சொல் பழகியிருக்கிறது. பத்திரிகையாளர்களிடையே ஃபெல்லோஷிப் என்று சொன்னால்தான் புரிகிறது. விருதோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் எங்கள் வட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள். விருது என்பது எழுதி முடித்ததற்குக் கிடைப்பது; எழுதுவதற்கு முன்பே, எழுதப்போவதை நம்பிக் கொடுப்பது நல்கை. இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1993-இல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஓர் ஆங்கில நாளிதழின் ஃபெல்லோஷிப்பைப் பெற்று, நாட்டின் மிக வறிய மாவட்டங்களில் மாதக்கணக்கில் தங்கி எழுதினார். அவர் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் இருந்தன. வறட்சி நிவாரணத்தைப் பற்றியும் கண்மாய்களைப் பற்றியும் அவரால் அப்படி எழுத முடிந்ததற்குத் திறமை ஒரு காரணம் என்றால், திரும்பி வா என்று எவரும் அவசரப்படுத்தாத நாட்கள் இன்னொரு காரணம். திறமையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நாட்களைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுவது நம் வழக்கம்.

பல்லுயிர், வனப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கென்றே நல்கை தரும் அமைப்புகளில் நான் முதலில் அறிந்தது எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க். இன்டர்நியூஸ் என்ற அமெரிக்க ஊடக அமைப்பு 2004-இல் தொடங்கியது இது. ஆர்கேடியா என்ற அறக்கட்டளையின் துணையோடு பல்லுயிர் ஊடக முயற்சி என்ற தனித் திட்டத்தையும் இது நடத்திவந்திருக்கிறது. தனி நிருபர்களுக்கு ஒரு கட்டுரைக்கோ ஒரு தொடருக்கோ பெரும்பாலும் ஓரிரு ஆயிரம் டாலர் அளவிலான தொகை, அதோடு ஒரு வழிகாட்டி ஆசிரியர் என்பது இதன் வழக்கமான அமைப்பு. வழிகாட்டி ஆசிரியர் என்பதைப் பலர் அலட்சியமாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். என் அனுபவத்தில் தொகைக்குச் சமமான பயன் அதில் இருக்கிறது. ஆனால் இந்தப் பணத்தின் ஊற்று எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது, அந்த உதவியைப் பெரிதும் சார்ந்திருந்த இன்டர்நியூஸ் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வாஷிங்டனில் போடப்பட்ட ஒரு கையெழுத்து ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏதேதோ ஊர்களின் நிருபர்களை எட்டியது. தலைமடையில் அடைத்தால் கடைமடை காய்வது எங்களுக்குப் புதிதல்ல.

புலிட்சர் சென்டர் அடுத்தது. புலிட்சர் பரிசைத் தருகிறவர்கள் என்று நினைத்துப் பயந்துவிட வேண்டாம். பரிசு வேறு, 2006-இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு வேறு. இவர்களுடைய மழைக்காட்டு இதழியல் நிதி அமேசான், காங்கோ, தென்கிழக்கு ஆசியா ஆகிய மூன்று பகுதிகளை மனத்தில் வைத்து உருவானது என்பதால் மேற்குத் தொடர்ச்சி மலை அதற்குள் இயல்பாகப் பொருந்துவதில்லை. எனினும் பொது நல்கைகளுக்கும் கடல் சார்ந்தவற்றுக்கும் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். மன்னார் வளைகுடாவையும், 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்ட பாக் விரிகுடாவின் 448 சதுர கிலோமீட்டரையும் தொடர்ந்து எழுதுகிற ராமநாதபுரத்து நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இவர்கள் திட்டத்தை 250 சொற்களுக்குள் கேட்பார்கள். ஆயிரம் சொல் எழுதுவதைவிட அது கடினம் என்பதை எழுதிப்பார்த்தவர்கள் அறிவார்கள்.

மோங்கபே என்ற சுற்றுச்சூழல் செய்தி நிறுவனம், வெப்பமண்டல நாடுகளைச் சேர்ந்த இளம் பத்திரிகையாளர்களுக்கு ஆறு மாத ஃபெல்லோஷிப் ஒன்றை மாத உதவித்தொகையோடு நடத்துகிறது. வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன, ஆங்கிலத்தில் எழுதத் தயங்காத ஒருவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் இல்லை என்பேன். 2018 முதல் இந்தியாவுக்கென்றே தனிப் பிரிவு இயங்குவதால், ஃபெல்லோஷிப் கிடைக்காவிட்டாலும் தனிக் கட்டுரைகளை எழுதிச் சன்மானம் பெறலாம். நேஷனல் ஜியாகிரபிக் சொசைட்டியும் விஞ்ஞானிகளுக்கு மட்டுமின்றிப் புகைப்படக்காரர்கள், எழுத்தாளர்களுக்கும் நல்கை தருகிறது; ஆனால் அதன் விண்ணப்பம் ஆய்வுத் திட்டம் போல இருக்கும். நாட்டுக்குள்ளே என்று பார்த்தால், டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அவ்வப்போது ஒரு கருப்பொருளை அறிவித்து ஊடக ஃபெல்லோஷிப் தருகிறது. நேஷனல் ஃபவுண்டேஷன் ஃபார் இந்தியா 1990-களிலிருந்தே பத்திரிகையாளர்களுக்கு உதவி வந்திருக்கிறது. உள்நாட்டு நல்கைகளின் தொகை சிறியது என்று முகம் சுளிக்கிறவர்கள், பின்னால் நான் சொல்லப்போகும் சட்டச் சிக்கலைப் படித்தபின் மறுபடி யோசித்துப் பார்க்கட்டும்.

என்னுடைய முதல் விண்ணப்பம் படுதோல்வி. "தென் தமிழகத்தின் பல்லுயிர் வளமும் அதன் எதிர்காலமும்" என்று தலைப்பு வைத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அதில் இருந்தது. கடவூர்த் தேவாங்கு சரணாலயம், வைகை, மன்னார் வளைகுடா, அழகர்மலை எல்லாமே இருந்தன. மூன்று மாதத்தில் இத்தனையையும் எழுதிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் உறவினர் பெயர் எதையும் விட்டுவிடக் கூடாது என்று அடிப்போமே, அப்படி. இரண்டாவது விண்ணப்பத்தில் ஊர்களைக் குறைத்துக்கொண்டு, காலநிலை மாற்றம், நிலைத்த வளர்ச்சி போன்ற பெரிய சொற்களைக் கூட்டிக்கொண்டேன். அதுவும் திரும்பி வந்தது. இந்த முறை ஒரு வரி சேர்ந்து வந்தது. நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை என்பது அதன் சாரம். அந்த வரிக்காக இன்றும் அந்த முகம் தெரியாத வாசகருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

மூன்றாவது விண்ணப்பத்தில் ஒரே ஒரு கண்மாய் மட்டும் இருந்தது. மேலூருக்கு வடக்கே உள்ள அதன் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் விளங்கும். ஐப்பசியில் தண்ணீர் வருவதிலிருந்து, கோடையில் ஊர் கூடி ஊத்தாவும் கச்சாவுமாக இறங்கும் மீன்பிடித் திருவிழா வரை, ஒரு நீராண்டு முழுக்க அந்தக் கண்மாய்க்குள் யார் யார் வருகிறார்கள், யார் எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதை மட்டும் எழுதுவேன் என்று சொன்னேன். நாரைகளும் மீன்பாசியை, அதாவது கண்மாயில் மீன்பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுத்தவரும் ஒரே மீனுக்குப் போட்டியிடுகிறார்கள் என்பதை முதல் வாக்கியமாக வைத்தேன். எழுதி முடித்துப் பார்த்தபோது இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று எனக்கே கூச்சமாக இருந்தது. இது தேர்வானது. ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் ரூபாய், எட்டு மாதம்.

நல்கைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் கதையைத் திரும்பத் திரும்பத் திருத்துவார்கள், பட்ஜெட்டைக் கடைசி அரை மணி நேரத்தில் நிரப்புவார்கள். இது தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் தேர்வாளர், அந்த ஊரை அறிந்த ஆள்தானா இவர் என்பதைப் பட்ஜெட்டில்தான் கண்டுபிடிக்கிறார். நான் 30 நாள் கண்மாய்ப் பயணம் என்று போட்டு, அவற்றை மாதவாரியாகப் பிரித்து, கூடு கட்டும் மாதங்களுக்குக் கூடுதல் நாட்களையும் தண்ணீர் ஏறும் மாதத்துக்குக் குறைவான நாட்களையும் ஒதுக்கியிருந்தேன். பறவைகளைத் தெரிந்த ஒருவருக்கு ஆறு நாள் கூலி, நெடுந்தொலைவு லென்ஸுக்கு நாள் வாடகை, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்புக் கட்டணம், தகவல் உரிமைச் சட்ட மனுக்களுக்குப் பத்து ரூபாய் வீதம் கட்டணமும் பதிவுத் தபால் செலவும் என்று எழுதினேன். தபால் செலவையெல்லாமா போடுவது என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் தேர்வுக்குப் பின் பேசிய வழிகாட்டி ஆசிரியர் முதலில் குறிப்பிட்டது அந்த வரியைத்தான். என் உழைப்புக்கான தொகையை நான் போடவே மறந்திருந்தேன் என்பதையும் அவர்தான் சொன்னார். நம் நிருபர்களில் பலருக்கு இந்த மறதி இருக்கிறது. தன் நாளுக்கு ஒரு விலை போட்டுக் கேட்கும் பழக்கம் வரிக்கணக்கில் கூலி வாங்கியவர்களுக்கு எளிதில் வருவதில்லை.

முதல் பத்துப் பயணங்களில் எனக்கு எழுதுவதற்கு எதுவுமே கிடைக்கவில்லை. கரையில் உட்கார்ந்து எண்ணினேன்: நத்தைகுத்தி நாரை இத்தனை, அரிவாள் மூக்கன் இத்தனை, முக்குளிப்பான் இத்தனை. மடையைத் திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சி அய்யா ஒருவர், எழுபதைத் தாண்டியவர், சில நாள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார். பின்பு ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, பறவ பாக்க வர்றவுகல்லாம் வெள்ளன வந்து வெயிலேறுமுன்ன போயிர்றாக. நீங்க என்ன, பொழுதுக்கும் இங்ஙனயே இருக்கீக? சம்பளம் யாரு தர்றா?" என்று கேட்டார். வெளிநாட்டில் ஒரு அமைப்பு தருகிறது என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. கண்மாயைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஊரே அவருக்குத் தரும் நெல் வருடாவருடம் குறைந்துகொண்டு வருகிறதாம்.

பத்தொன்பதாவது பயணத்தில், கண்மாயின் உள்வாயில் நின்ற நாட்டுக் கருவேல மரங்களின் அடித்தண்டில் பட்டையைச் செதுக்கி எண்கள் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தேன். சமூகக் காடு வளர்ப்பில் கண்மாய்களுக்குள் நடப்பட்ட கருவேல மரங்கள் வளர்ந்தபின் ஏலத்தில் வெட்டப்படுவது பழைய நடைமுறைதான். ஆனால் அந்த மரங்களின் உச்சியில் அப்போது நாரைகள் முட்டைகளோடு உட்கார்ந்திருந்தன. எண் எழுதியவர் மரத்தின் அடியைப் பார்த்தாரே தவிர அண்ணாந்து பார்க்கவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்டபோது அப்படி எதுவும் இல்லை என்றார்கள். பத்து ரூபாய் மனுவுக்கு 28 நாட்களில் வந்த பதிலில் ஏலத் தேதியோடு எல்லாம் இருந்தது. கட்டுரை வெளியானது. ஒரு பாதி மரங்கள் குஞ்சுகள் பறக்கும் வரை நின்றன, மறுபாதி நிற்கவில்லை. பதினெட்டு நாட்கள் சும்மா போய் வந்ததால்தான் பத்தொன்பதாவது நாள் அந்த எண்கள் புதியவை என்று எனக்குத் தெரிந்தது.

இனிச் சட்டம். இதைப் பற்றித் தமிழில் எவரும் விளக்கமாக எழுதி நான் படித்ததில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன் மூன்றாம் பிரிவு, வெளிநாட்டுப் பங்களிப்பை யார் யார் பெறக் கூடாது என்று பட்டியலிடுகிறது. தேர்தல் வேட்பாளர்கள், அரசு ஊழியர்கள், நீதிபதிகள் ஆகியோருடன் அந்தப் பட்டியலில் பதிவுபெற்ற செய்தித்தாள்களின் செய்தியாளர், பத்தி எழுத்தாளர், கருத்துப்பட ஓவியர், ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோரும் இருக்கிறார்கள். ஒலி, காட்சி வழியாகச் செய்தி தயாரித்து ஒளிபரப்புகிறவர்களுக்கும் தடை உண்டு. ஆகவே "வெளிநாட்டு நன்கொடை" என்ற வடிவத்தில் ஒரு தொகை நிருபர் ஒருவரின் கணக்குக்கு வருமானால் அது சிக்கல்.

அதேசமயம் சட்டத்தின் நான்காம் பிரிவு சில விலக்குகளைத் தருகிறது. செய்த வேலைக்கான ஊதியம் அல்லது சம்பளம் என்பது அதில் ஒன்று; கல்வி உதவித்தொகை, உதவித்தொகை மற்றும் அதையொத்த தொகை என்பது இன்னொன்று. வழக்கமான தொழில் நடவடிக்கையில் வழங்கிய சேவைக்கான கட்டணம் பங்களிப்பு என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. எனவே ஒப்பந்தத்தின் மொழி முக்கியமாகிறது. நீங்கள் எழுதித் தரும் கட்டுரைகளுக்கான கட்டணமா, ஃபெல்லோஷிப் உதவித்தொகையா, பொத்தாம்பொதுவான நன்கொடையா என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்திடுவதற்கு முன், இந்தச் சட்டம் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். நான் காட்டியவர் முதல் வரைவில் மூன்று இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டார். நல்கை தந்தவர்கள் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்கள். மாநிலத்தின் பெரிய பத்திரிகை ஒன்றில் முழுநேர ஊழியராக இருப்பவர்கள் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியையும் வாங்கிவிடுவது நல்லது.

வரி விவகாரம் இவ்வளவு சிக்கலானதல்ல. உள்நாட்டு அமைப்பு என்றால் பெரும்பாலும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவார்கள், கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிசெய்துகொள்ளலாம். அமெரிக்க அமைப்பு என்றால் டபிள்யூ-8 பென் என்ற படிவத்தில் நீங்கள் அந்த நாட்டவர் அல்ல என்று எழுதித் தர வேண்டியிருக்கும். பணம் வந்ததும் வங்கியிலிருந்து என்ன நோக்கத்துக்கான பணம் என்று கேட்பார்கள். ஒப்பந்தத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். என் வங்கிக் கிளையில் நான்கு நாட்கள் அந்தப் பணம் அந்தரத்தில் நின்றது. கண்மாயில் பறவை எண்ணுவதற்கு டாலரா என்று அங்கிருந்த வங்கி ஊழியர் அம்மையார் கேட்டதில் எனக்குக் கோபமே வரவில்லை, நீர்பாய்ச்சி அய்யாவும் அதையேதான் கேட்டிருந்தார்.

பணத்தைவிட எனக்குக் கூடுதல் தொல்லை கொடுத்தது ஒரு கடிதம். நல்கை தரும் அமைப்புகளில் பெரும்பாலானவை, உங்கள் கட்டுரையை வெளியிடுவோம் என்று ஓர் ஆசிரியர் எழுதித் தரும் கடிதத்தைக் கேட்கின்றன. நான் அணுகிய முதல் இதழின் ஆசிரியர் இரண்டு வாரம் தொலைபேசியை எடுக்கவில்லை. எடுத்தபோது, "முதலில் எழுதிக் கொடுங்கள், நன்றாக இருந்தால் போடுவோம், கடிதமெல்லாம் கொடுக்கிற வழக்கம் இங்கே கிடையாது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் அலுவலகங்களில் அப்படி ஒரு கடிதத்தை எவரும் எழுதியதில்லை. கடைசியில் கடிதத்தை நானே இரு மொழியிலும் எழுதி எடுத்துக்கொண்டு போய், அவர் முன்னால் வைத்தேன். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். இதைப் படிக்கும் ஆசிரியர் எவரேனும் இருந்தால், அந்த நான்கு வரிக் கடிதம் உங்களுக்கு ஒரு காசுகூடச் செலவு வைக்காது என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கடிதம் இல்லாமல்தான் மாவட்ட நிருபர்கள் பலரின் விண்ணப்பம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

மொழி அடுத்த தடை. விண்ணப்பம் ஆங்கிலத்தில், மாதாந்திர அறிக்கை ஆங்கிலத்தில், வழிகாட்டியோடு உரையாடலும் ஆங்கிலத்தில். அழகான ஆங்கிலம் தேவையில்லை, தெளிவாக இருந்தால் போதும் என்று இவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் மடை, கலுங்கு, உள்வாய், மீன்பாசி ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் விளக்க முயன்றபோது என் 250 சொற்களில் பாதி கரைந்துவிட்டது. பிறகு அந்தச் சொற்களை அப்படியே வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆறேழு சொல்லில் பொருள் எழுதினேன். அது படித்தவருக்குப் பிடித்திருந்தது. தமிழிலேயே வெளியிடுவேன் என்று சொல்வது பலவீனம் என்று பலர் நினைக்கிறார்கள். கண்மாயை ஏலம் எடுப்பவரும் ஏலம் விடுபவரும் படிக்கும் மொழி அது என்று விண்ணப்பத்தில் எழுதினால், அதுவே வலுவாகிவிடும்.

வனத்துக்குள் போகிறவர்கள் அனுமதிக்கான நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்குள் ஆய்வுக்கோ படமெடுக்கவோ போவதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. 2021-இல் நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலையின் ஒரு பகுதி நம் மதுரை மாவட்டத்துச் சாப்டூர் வரை வருகிறது. ஊர்ப் பக்கத்துக் காடுதானே என்று உள்ளே நுழைந்தால், நல்கையோடு வழக்கும் சேர்ந்து கிடைக்கும்.

கண்மாயின் பெயரை ஏன் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன். நல்கை தருபவர்களுக்குப் படங்கள் வேண்டும், துல்லியமான இடங்கள் வேண்டும், முடிந்தால் இதுவரை எவரும் காட்டாத கூடு வேண்டும். இந்த ஆசை இயல்பானது, ஆபத்தானதும்கூட. அழகர்மலைப் பக்கத்துத் தேவாங்கை மாந்திரீகத்துக்கென்று பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எறும்புத்தின்னி என்கிற அழுங்கின் செதிலுக்கு வெளிநாட்டில் சந்தை இருக்கிறது. வல்லூறின் கூடு எந்தப் பாறை இடுக்கில் என்று தெரிந்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இருபது கேமராக்கள் நிற்கும். இடத்தை மறைத்து எழுதும் உரிமை எனக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். படங்களில் பதிவாகும் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டே அனுப்பினேன்.

எந்தப் பணத்தை வாங்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். நிறுவனச் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் சராசரி இலாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டியிருப்பதால், சுற்றுச்சூழல் எழுத்துக்கும் அந்தப் பணம் ஆங்காங்கே வருகிறது. எல்லாமே தீட்டு என்று சொல்லும் கட்சி நானல்ல. ஆனால் கிரானைட் குவாரிகள் மலைகளையும் கண்மாய்களையும் என்ன செய்தன என்பதைப் பார்த்த மேலூர் வட்டாரத்தில், மலையை உடைப்பவரின் பணத்தில் மலையைப் பற்றி எழுதினால், ஒரு சொல்லும் பொய்யாக இல்லாவிட்டாலும் டீக்கடையில் எவரும் நம்பமாட்டார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: வெளியாகும் முன் கட்டுரையைப் பார்க்க வேண்டும் என்று பணம் தருபவர் கேட்கிறாரா? கேட்டால் வேண்டாம்.

மேலூர்த் தம்பி இப்போது ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார். அழகர்மலைக்கு அப்பால், திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியில் இருக்கும் வீரகோயில் காடு 2025 மார்ச்சில் மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மொத்தமே 4.97 ஹெக்டேர். சாமிக்குப் பயந்து ஊர் விட்டுவைத்த மரங்கள், அரசு அறிவிப்புக்குப் பின் எப்படி இருக்கின்றன என்பதை ஒரு வருடம் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். முதல் வரைவில் ட்ரோன் வாடகை என்று ஒரு பெரிய தொகை போட்டிருந்தார். கோயில் காட்டுக்கு மேலே அதைப் பறக்கவிட ஊர் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். அடித்துவிட்டு, அந்த இடத்தில் "கோயில் பூசாரியோடும் ஊர்க்காரர்களோடும் உட்கார்ந்திருக்க, 14 நாட்கள்" என்று எழுதினார்.

"அண்ணே, இந்தப் பதினாலு நாள்ல ஒண்ணுமே நடக்கலேன்னா என்ன எழுதுறது?" என்று நேற்று இரவு மறுபடி கூப்பிட்டுக் கேட்டார். அறிக்கையில் அதையே எழுதலாம், நான் பத்துப் பயணத்துக்கு அப்படித்தான் எழுதினேன் என்றேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஆசிரியர் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. வரைவை எழுதி எடுத்துக்கொண்டு நாளைக் காலை அவரோடு நானும் அந்த அலுவலகத்துக்குப் போகிறேன்.